முன்மொழிந்தவர்: செல்வராணி

1

கூட்டம் நடப்பதற்குப் பதினாறு நாள் முன்பே அதன் நடவடிக்கைக் குறிப்பை எழுதி முடித்துவிட்டேன். இதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. கம்பெனி செக்ரெட்டரியாக இரண்டு நாடுகளில் முப்பத்தைந்து ஆண்டு உத்தியோகம் பார்த்தவன் நான். கூட்டம் முடிந்தபிறகு உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுகிறவனை எங்கள் தொழிலில் கற்றுக்குட்டி என்பார்கள். யார் வருவார்கள், யார் தலைமை தாங்குவார்கள், எது நிறைவேறும் என்பதெல்லாம் முன்பே தெரிந்த சமாச்சாரம். எழுதியது சரிதானா என்று பார்க்க நாலு பேர் கூடித் தேநீர் குடிப்பதற்குப் பெயர்தான் கூட்டம்.

இருபத்தேழு ஆண்டுகளாக நார்வேயில், பெர்கன் என்ற ஊரில் இருக்கிறேன். ஊரைச் சுற்றி மலை, மலைமேல் மேகம், மேகத்துக்குக் கீழே மழை. கொடைக்கானல் மலையில், செண்பகனூரில் வளர்ந்தவனுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. குடை மட்டும் கொஞ்சம் விலை கூட. ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைக் காலைகளில் ஒரு சோலி வைத்திருக்கிறேன். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பள்ளங்கியில் பூண்டு விவசாயிகள் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறார்கள். அதற்குத் தலைவர் கருப்பையா, என் சித்தப்பா மகள் செல்வராணியின் கணவர். கம்பெனியின் காகித வேலை முழுவதையும் இங்கிருந்து சம்பளமில்லாமல் நான் பார்க்கிறேன். அவர்கள் விவசாயம் பார்க்கிறார்கள். நான் விவசாயம் நடந்ததாக எழுதுகிறேன்.

அன்று என் மகள் யாழினி தோசை சாப்பிட வந்திருந்தாள். மூன்று வயதில் இந்த ஊருக்கு வந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. நான் எழுதிவைத்திருந்த குறிப்பு ஆங்கிலத்தில் இருந்ததால் தோசைக்கு நடுவே எடுத்துப் படித்துவிட்டாள்.

"அப்பா, இது எப்ப நடந்த கூட்டம்?"

"இன்னும் பதினாறு நாள் இருக்கு."

"ஆனா இதுல எல்லாரும் டீ குடிச்சு முடிச்சு நன்றி சொல்லியாச்சே?"

"நன்றி சொல்லாம எங்க போகப் போறாங்க?"

அவள் இன்னும் கொஞ்சம் படித்தாள். "செல்வராணி அத்தை இந்த பில்டிங்கை வாடகைக்கு விடச் சொல்லியிருக்காளா? அவளுக்கு இது தெரியுமா?"

"அவள் இல்லம்மா, அவங்க. அத்தையை அப்படிச் சொல்லக் கூடாது."

யாழினி தோசையைத் தட்டில் வைத்தாள். "அவங்களுக்குத் தெரியாம அவங்க பேரை எழுதலாம். ஆனா அவள்னு மட்டும் சொல்லக் கூடாது. சரியாப்பா?"

நார்வே மொழியில் 'ங்க' கிடையாது. பிரதமரும் நீதான், பால்காரனும் நீதான். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மரியாதை விகுதியைச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து நாங்கள் ஓய்ந்துவிட்டோம். அந்த விகுதி இல்லாமலே மரியாதை என்று ஒன்று இருக்கக்கூடும் என்பது அந்தச் சனிக்கிழமை வரை எனக்குத் தோன்றியதில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து, "இன்னொரு தோசை யாருக்கு?" என்று கேட்டாள். 

2

செல்வராணி இயக்குநரான கதையைச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளுக்கும் மற்றப் பெரிய கம்பெனிகளுக்கும்தான் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்று சட்டம். பள்ளங்கிக் கம்பெனி அந்த உயரத்தில் இல்லை. ஆனால் பூண்டு காயவைக்கவும் தரம் பிரிக்கவும் கொட்டகை கட்ட மானியம் கேட்டபோது, நிர்வாகத்தில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று மானியத்துக்கான படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று ஆண்டுக்கு முன்பு கருப்பையா எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், ஒரு பொம்பளப் பேரு வேணுமாம்ல."

"உங்க வீட்லயே ஒண்ணு இருக்கே, மாப்ள."

பத்து விநாடியில் ஒரு இயக்குநர் நியமனம். பெரிய கம்பெனிகள் இதற்கு ஆள்தேடும் நிறுவனங்களை வைத்து ஆறு மாதம் அலைகின்றன.

அதன்பிறகு நடந்தவை எல்லாம் முறைப்படி நடந்தவை. இயக்குநர் எண் வாங்கினோம். ஆண்டுதோறும் அடையாளச் சரிபார்ப்பு செய்கிறோம். அதற்கான ஓ.டி.பி. கருப்பையாவின் செல்போனுக்கு வரும். வீட்டில் அந்த எண்தான் எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கிறது. அவளுடைய டிஜிட்டல் கையெழுத்து, பென்டிரைவ் போன்ற ஒரு கருவியில், திண்டுக்கல்லில் ஆடிட்டரின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கையெழுத்துக்குச் சொந்தக்காரி பள்ளங்கியில் பூண்டின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருக்கிறாள். கூட்டங்கள் அவள் வீட்டு முன்னறையில்தான் நடந்தன. அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றுகொள்வாள். கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கோரம் கணக்கில் அவள் உண்டு, நாற்காலிக் கணக்கில் இல்லை.

இதில் நான் என் பங்குக்கு ஒரு அழகும் சேர்த்தேன். இயக்குநர் குழுவின் குறிப்பில் ஒரு தீர்மானத்தை யார் முன்மொழிந்தார் என்று எழுதச் சட்டம் கேட்பதே இல்லை. ஆனால் மானியம் கொடுத்த அதிகாரி வந்து நோட்டைப் புரட்டினால் பெண் இயக்குநர் துடிப்பாக இருப்பது தெரிய வேண்டும் அல்லவா? அதனால் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கீழே 'முன்மொழிந்தவர்: திருமதி செல்வராணி' என்று எழுதிவிடுவேன். அதிகாரி ஒருமுறை வந்தார். புரட்டினார். பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கருப்பையா எனக்குத் தெரிவித்தார். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

3

யாழினி தோசையை முடிக்கவில்லை. செல்வராணியை வீடியோவில் அழைத்துவிட்டாள். பள்ளங்கியில் அப்போது மதியம் கழிந்த நேரம். செல்வராணி கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, நீ இந்த பூண்டு பில்டிங்கை வாடகைக்கு விடச் சொன்னியா?"

"எந்த பில்டிங்க?"

"பூண்டு காயவைக்கிறது. மூணு வருஷத்துக்கு ஒரு காட்டேஜ்காரருக்கு. நீதான் சொன்னேன்னு அப்பா எழுதியிருக்கார்."

"நானா? அடி கழுத, நான் அதுலதானடி உக்காந்துருக்கேன்!" போன் ஆடியது. "முப்பது பொம்பளைக இதுல சோலி பாக்குறோம். இதக் குடுத்துட்டா மழை நாள்ல பூண்ட எங்க காயப் போடுறது, தலமேலயா? வீட்டுக்குள்ள போட்டா ஈரம் ஏறி அழுகிப்போகும். அண்ணே, அங்க இருக்கீங்களா?"

இருந்தேன். தோசைக்கல்லுக்குப் பின்னால் ஒளிய இடமிருந்தால் அங்கே போயிருப்பேன்.

"நீங்களா எழுதுனீங்க?"

"மாப்ள சொன்னாரும்மா. இதெல்லாம் ஒரு நடைமுறை."

"நடைமுறைன்னா?"

முப்பத்தைந்து ஆண்டில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் இருமினேன்.

"சரி, இதுவரைக்கும் நான் என்னென்ன சொல்லியிருக்கேன்? வாசிங்க கேப்போம்."

கோப்பை எடுத்து வாசித்தேன். தராசு வாங்கியது. வங்கிக் கணக்கை மாற்றியது. கேட்டுக்குப் பெயின்ட் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் "அட" என்றாள். தலைவரைப் பயிற்சிக்காக நான்கு நாள் ஊட்டிக்கு அனுப்பியது என்று வாசித்தபோது அலறிவிட்டாள்.

"அவரு ஊட்டிக்குப் போனது நான் சொல்லித்தானா! அதுக்காக ஒரு வாரம் சண்ட போட்டேனேண்ணே அவருகூட! இப்ப நாந்தான் அனுப்பிச்சேன்னு எழுதி வச்சிருக்கீங்க!"

யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். செல்வராணியும் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, வெளையாட்டு இல்ல. இந்தக் கொட்டகை போயிருச்சுன்னா இங்க உள்ளவளுக எல்லாம் என்னையத்தான் கேப்பாளுக. உம் பேருதான இருக்குன்னு. முன்மொழியிறதுன்னா என்ன? அதுல எனக்கு என்ன உரிமை இருக்கு? அதச் சொல்லுங்க மொதல்ல."

நடைமுறையைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. இது என் தொழில் வியாதி. நோட்டீஸ் ஏழு நாள் முன்பு கையில் கிடைக்க வேண்டும், அதில் இடம் குறிக்க வேண்டும், முன்மொழிந்தவர் விளக்கம் சொல்லலாம், ஓட்டுக்கு விடும்வரை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம், எதிர்த்து ஓட்டுப் போட்டால் அதைக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கேட்கலாம் என்று இருபது நிமிடம் பேசினேன். கருப்பையாவுக்கு எதிராக அவர் மனைவிக்கே பாடம் நடத்துகிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. அந்த இடத்தில் நிறுத்துவது முறையாகாது.

"அப்படியா," என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்க அடுத்த வாரம் ஊருக்கு வர்றீங்கள்ல? நோட்டீச நேர்ல கொண்டாந்து என் கைல குடுங்க. இடம்னு போட்ட எடத்துல கொட்டகைன்னு எழுதுங்க."

4

விமானத்தில் எனக்கு ஒரு பழைய அவமானம் நினைவுக்கு வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் பெர்கனுக்கு வந்து ஒரு கப்பல் கம்பெனியின் இயக்குநர் குழு அலுவலகத்தில் சேர்ந்த சில ஆண்டுகளில், பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் பத்துக்கு நாலு பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் கொண்டுவந்தார்கள். இல்லாவிட்டால் கம்பெனியையே கலைத்துவிடலாம். எங்கள் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இத்தனை பெண்களுக்கு நான் எங்கே போவேன்?" என்று கூட்டத்தில் கேட்டார். கடலில் புயல் வந்தால்கூட அப்படி முகம் வாடாத மனிதர்.

நான் சின்ன உத்தியோகஸ்தன். ஆனால் தீர்வு கைவசம் இருந்தது. ஊரில் நான் வேலை பார்த்த நூற்பு மில்லில் முதலாளியம்மா பன்னிரண்டு ஆண்டு இயக்குநர். ஆயுதபூஜை அன்று மட்டும் வந்து சூடம் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் கையெழுத்துக்குக் காகிதம் வீட்டுக்குப் போகும். ஆகவே நான் கையைத் தூக்கி, மிகுந்த பணிவோடு கேட்டேன்:

"உங்கள் மனைவி இருக்கிறாரே?"

 எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். தலைவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த இந்தியருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு பெயர். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது இன்றுவரை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

கெடு முடிவதற்குள் பெண்கள் கிடைத்துவிட்டார்கள். துறைமுகப் பொறியாளர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், மீன் பண்ணைகளை நடத்தியவர் ஒருவர். அதுவரை எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று ஒருவரும் விளக்கவில்லை. அதே தெருவில்தான் இருந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் மூலையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு பெண் மட்டும் இருந்தால், "பெண்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?" என்று அவரிடம் கேட்பார்கள், உலகத்துப் பெண்கள் எல்லாம் காலையில் அவருக்குப் போன் செய்ததுபோல. இருவர் இருந்தால், இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்ததாகச் சந்தேகப்படுவார்கள். மூன்றாமவர் வந்தபிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, சொன்னது சரியா தப்பா என்று சண்டை போட ஆரம்பிப்பார்கள்.

இதையெல்லாம் பார்த்தவன்தான் கருப்பையா கேட்டதும் பத்து விநாடியில், "உங்க வீட்லயே இருக்கே" என்றேன். கடல் தாண்டி வந்தால் மனிதன் மாறுவான் என்கிறார்கள். நான் மாற்றியது கோட்டு மட்டும்தான்.

இந்த நாட்டு அரசாங்கக் கடிதங்களில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. வரி அலுவலகம் உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்து கடிதம் போடும். அதே கடிதத்தின் அடியில், இந்த முடிவு தவறென்று நினைத்தால் இத்தனை வாரத்துக்குள் இன்னாரிடம் முறையிடலாம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். என்னை எதிர்ப்பது எப்படி என்று எதிராளியே வழி சொல்லிக் கொடுக்கும் அந்த நாகரிகம் எனக்குப் பழக ரொம்ப நாளானது. வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது, நானும் செல்வராணிக்கு அதைத்தானே செய்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். மலைப்பாதையில் நாலாவது வளைவில் அந்தச் சமாதானம் கொஞ்சம் குமட்டியது. வளைவும் காரணமாக இருக்கலாம்.

5

"வாங்க மச்சான். எங்க ஊருக் குளிரு உங்க ஊருக் குளிருக்கு ஈடாகுமா?" என்று கருப்பையா என் பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கம்பெனிக்காகக் கலெக்டர் ஆபீஸ் படியெல்லாம் ஏறி இறங்கியவர். வாடகை யோசனைக்கும் அவரிடம் நியாயம் இருந்தது.

"பூண்டு வர்றது வருசத்துல கொஞ்ச மாசம். மத்த நாள்ல கொட்டகை சும்மாதான கெடக்கு? அந்த காட்டேஜ்காரர் கட்டட சாமான் வைக்கக் கேக்குறாரு. மாசாமாசம் நிலையா வரும். பூண்டு வெல மாதிரி ஏறி எறங்காது."

"செல்வராணிகிட்ட கேட்டீங்களா, மாப்ள?"

"அவகிட்ட என்னத்தக் கேக்க? அவதான முன்மொழியிறா?" என்று கண்ணடித்தார். நான் எழுதியதை எனக்கே திருப்பித் தந்தார்.

நோட்டீஸை எட்டு நாள் முன்னதாக அடுப்படியில் செல்வராணியின் கையில் முறைப்படி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். அதைப் பருப்பு டப்பாவுக்குக் கீழே வைத்தாள். கொட்டகையில் கூட்டம் என்றதும் கருப்பையா, "அங்க எதுக்கு?" என்றார். "வீட்ல விருந்தாளி இருக்காக. அங்கயே வச்சுக்கங்க," என்றாள் அவள். அந்த விருந்தாளி நான்தான்.

எட்டு நாளும் அந்த வீட்டில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து சாப்பிட்டேன். எட்டு நாளும் வானிலை பற்றி மட்டும் பேசினேன். ஒருநாள் அவர் கை கழுவப் போன நேரத்தில் மெதுவாகக் கேட்டேன்: "ஏம்மா, இத மாப்ளகிட்ட வீட்லயே சொல்லிரலாமே?"

"சொல்லலாம்ணே. வீட்ல சொன்னா அது புருசன் பொண்டாட்டி பேச்சு. காலையில சரின்னுட்டு சாயங்காலம் மறந்துருவாரு." ரசத்தை ஊற்றினாள். "அங்க சொன்னாத்தான் நோட்டுல ஏறும்."

6

கூட்டத்தன்று காலையில் கொட்டகையின் ஒரு பக்கம் மேசை போட்டிருந்தது. மறுபக்கம் பெண்கள் பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். செல்வராணி வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிவந்து மேசை ஓரம் போட்டு உட்கார்ந்தாள். கருப்பையா அதைப் பார்த்தார். 

இன்னும் மூன்று இயக்குநர்கள். ஆரோக்கியத்துக்குச் செண்பகனூரில் மளிகைக் கடை, இங்கே அரை ஏக்கர் பூண்டு. பெருமாள் வெள்ளகவி மலைக்கிராமத்துக்காரர், விடியுமுன் கிளம்பி ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்திருந்தார். மூன்றாமவர் கருப்பையாவின் பெரியப்பா மகன் முத்து. அண்ணன் கை தூக்கினால் தானும் தூக்குகிறவர்.

நான் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்க, கருப்பையா ஒவ்வொரு விஷயமாக வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"அடுத்து, கொட்டகைய மூணு வருசத்துக்கு வாடகைக்கு விடறது. முன்மொழிஞ்சது செல்வராணி. எல்லாருக்கும் சம்மதந்தான? வெரசா முடிப்போம்."

"இருங்க," என்றாள் செல்வராணி.

"என்ன?"

"இத முன்மொழிஞ்சது நாந்தான?"

"ஆமா. மச்சான் அப்படித்தான் எழுதியிருக்காரு."

"அப்ப நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

கருப்பையா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க எனக்கு முப்பத்தைந்து ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

"இதென்ன மச்சான்? அப்படி வாங்க முடியுமா?"

"ஓட்டுக்கு விடறதுக்கு முன்னாடின்னா முடியும், மாப்ள. மத்தவங்க ஆட்சேபிக்கலேன்னா."

"ஆட்சேபிக்கிறவுக உண்டாப்பா?"

யாருமில்லை.

"சரி. வேற யாராச்சும் முன்மொழியுங்க. ஆரோக்கியம், நீங்க சொல்லுங்க."

மறுபக்கத்தில் பீன்ஸ் கூடைகளின் சத்தம் நின்றுவிட்டது. ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா மடியில் கூடையோடு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு எதுக்குங்க?" என்றார் ஆரோக்கியம். "என் பேரப் போட்டா இன்னைக்கு எனக்குச் சோறு கெடையாது."

"இன்னைக்கு மட்டுமா?" என்றார் ஸ்டெல்லா அங்கிருந்தே. கொட்டகை அதிரச் சிரிப்பு.

"பெருமாளண்ணே?"

பெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் வெள்ளனே கெளம்பி மலையேறி வாறவன். மழையில நனைஞ்ச சரக்க எறக்கி வைக்க இந்த எடத்த விட்டா வேற எடமில்ல. இத நான் என் வாயால குடுங்கன்னு சொல்லவா?"

"போன மாசம் கேட்டப்பத் தலையாட்டுனீங்களே!"

"அப்ப அந்தம்மா பேருதான இருந்துச்சு. எவனாச்சும் கேட்டா அந்தம்மாதான் கொண்டாந்தாகன்னு சொல்லிக்கலாம். இப்ப எம் பேர கேக்குறீங்க."

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. பெண்ணுக்குப் பெருமை சேர்க்கிறேன் என்று நினைத்து மூன்று ஆண்டாக நான் எழுதிவந்த அந்த ஒரு வரிக்குப் பின்னால் நான்கு ஆண்கள் நிம்மதியாக ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். முடிவு அவர்களுடையது, பெயர் அவளுடையது. மானிய அதிகாரி பாராட்டியது இதைத்தான்.

"சரி, நானே முன்மொழியிறேன்," என்றார் கருப்பையா. அவருடைய தைரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முத்து வழிமொழிந்தார். பேச விருப்பமுள்ளவர்கள் பேசலாம் என்றேன்.

செல்வராணி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பேசினாள்.

"சும்மா கெடக்குன்னு சொல்றீங்க. வாஸ்தவந்தான், சில மாசம் சும்மாதான் கெடக்கு. அந்த மாசத்துக்கு மட்டும் விடுவோம். பூண்டு வர்ற மாசம், மழை மாசம் நமக்கு. அதுக்கு அந்த காட்டேஜ்காரர் ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க மாட்டாரு."

"கேட்டீங்களா?"

கருப்பையா மேசையைப் பார்த்தார். "கேக்கல."

"கேட்டுட்டு வாங்க. அடுத்த கூட்டத்துல நானே முன்மொழியிறேன். நெசமாவே."

ஓட்டுக்கு விட்டோம். கருப்பையாவும் முத்துவும் கை தூக்கினார்கள். எதிர்ப்பு என்றபோது பெருமாள், பிறகு ஆரோக்கியம், கடைசியாகச் செல்வராணி. அவள் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினாள். நான் எண்ணினேன். ஆதரவு இரண்டு, எதிர்ப்பு மூன்று. கொட்டகை கம்பெனியிடமே நின்றது. மறுபக்கத்தில் பீன்ஸ் சத்தம் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

ஸ்டெல்லா குரல் கொடுத்தார்: "அக்கா, வர்ற பொதுக்கூட்டத்துல டைரக்டருக்கு இன்னொரு பேரு குடுக்கலாமா? எனக்கும் அரை ஏக்கருல பங்கு இருக்குல்ல?"

"தாராளமாக் குடுக்கலாம்," என்றேன் நான். "பதினஞ்சு பேர் வரைக்கும் சட்டத்துல எடம் இருக்கு." யாரும் என்னைக் கேட்கவில்லைதான்.

ஆரோக்கியம் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "கடைய யாரு பாக்குறது?"

"நீங்கதான்," என்றார் ஸ்டெல்லா.

பெர்கனிலிருந்து நான் கொண்டுவந்த தாள் இப்போது எதற்கும் உதவாது. மேசையில் ஒரு புது நோட்டைத் திறந்தேன். செல்வராணி, "தமிழ்ல எழுதுங்கண்ணே," என்றாள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த முக்கால் மணி நேரத்தில் தெரிந்தது. நடுவில் நிறுத்தி, "பெருமாளண்ணே, நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்க வேண்டியிருந்தது. சோற்று விஷயத்தைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று ஆரோக்கியம் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டேன்.

"மச்சான்," கருப்பையா குனிந்து மெதுவாகச் சொன்னார், "ஏகமனதாகக் கைவிடப்பட்டதுன்னு எழுதிருங்க. கௌரவமா இருக்கும்."

"நடந்தத எழுதுங்கண்ணே," என்றாள் செல்வராணி, மேசை ஓரத்திலிருந்தே.

எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை நீட்டினேன். மூன்று ஆண்டில் நான் அனுப்பிய எந்தத் தாளையும் அவர் படித்ததில்லை. கையெழுத்துக்கான இடத்தில் ஆடிட்டர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தருவார், அதன்மேல் போடுவார். இந்தத் தாளில் பெருக்கல் குறி இல்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் வரியில் விரலை வைத்தார்.

விரல் மெதுவாக நகர்ந்தது. வாய்க்குள் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நின்றது. செல்வராணி எதிர்த்து வாக்களித்தார் என்ற இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. அவள் நாற்காலியில் அசையாமல் இருந்தாள்.  கருப்பையா கடைசி வரிக்கு வந்தார்.

"'தீர்மானம் தோற்றது'ன்னு இருக்கு."

"ஆமா, மாப்ள."

"தோத்ததுன்னு வேண்டாம். 'நிறைவேறவில்லை'ன்னு போடலாமா? அர்த்தம் அதேதான?"

நான் செல்வராணியைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அவள் யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள்.

"அதுவும் உண்மைதான். போடுங்க."

"வேற யாருக்காச்சும் ஆட்சேபணை?" என்றேன். இல்லை என்றார் பெருமாள். இல்லை என்றார் ஆரோக்கியம். முத்து அண்ணனைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். நான் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே புதிய சொல்லை எழுதி, ஓரத்தில் குறித்தேன்: தலைவரின் திருத்தம் ஏகமனதாக ஏற்கப்பட்டது.

கருப்பையா அந்த ஓரக் குறிப்பையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.